தீபாவளி அன்றும் பச்சை

என் மனைவிக்கு மூச்சு இழுப்பு உண்டு. கல்யாணமாகி வரும்போது இல்லை. இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகு வந்தது. வீட்டுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில் ஒரு புறம்போக்குப் பள்ளம் கிடக்கிறது. நாலு தெருக் குப்பையும் அங்கே போய்ச் சேரும். நிரம்பியதும் யாரோ தீ வைப்பார்கள். யார் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சங்கரன்கோவிலில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: "தெரியலயே அண்ணாச்சி."

நான் முப்பது வருஷம் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காகிதம் இல்லாமல் எதுவும் நகராது என்பதைத் தவிர வேறெதையும் அங்கே கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் புகையை எப்படிக் காகிதத்தில் ஏற்றுவது? காற்றின் தரத்தைக் காட்டும் இணையதளம் ஒன்றில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நல்ல காற்று என்று பச்சை நிறம் வந்தது. அந்த நேரத்தில் எதிர்வீட்டு மொட்டைமாடி புகையில் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது, நம் ஊரில் அந்தத் தளத்துக்குக் கருவியே கிடையாது. எங்கோ தூரத்து நகரத்தில் அளந்ததை வைத்து நமக்கும் சேர்த்துப் பச்சை பூசிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நாடியைப் பிடித்து எனக்கு மருந்து எழுதுகிற கதை.

அந்தத் தளத்திலேயே ஒரு தன்னார்வக் குழுவின் முகவரி இருந்தது. எழுதிப் போட்டேன். மாசி மாதம் அந்தக் குழுவிலிருந்து ஒரு கடையநல்லூர்ப் பெண் வந்தாள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாடியில் கிழக்குச் சுவரில் மாட்டினாள். பெட்டியின் முகத்தில் வட்டமாகச் சிறுசிறு துளைகள். அதன் வழியாகக் காற்றை இழுத்து, அதிலிருக்கும் தூசியை எண்ணி, இணையத்துக்கு அனுப்பிவிடுமாம்.

காபி கொண்டுவந்த என் மனைவி பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க? சன்னலத் தொறந்தாலே தெரியுதுல்லா."

"நமக்குத் தெரிஞ்சா போதுமாட்டி? ஆபீசுக்குத் தெரியாண்டாமா?" என்றேன்.

அந்தப் பெண் எனக்குத் தளத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பக்கத்தில் மாதக் காலண்டர் விரியும். ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய காற்றின் நிறம். இன்னொரு பக்கத்தில் காற்று வீசிய திசையையும் தூசியையும் சேர்த்து ஒரு படம் வரும். "ரோசாப்பூ மாதிரி இருக்கா சார்? எதழ் எந்தப் பக்கம் நீளுதோ, அந்தப் பக்கமிருந்துதான் பொகை வருதுன்னு அர்த்தம்."

பங்குனியிலும் சித்திரையிலும் பாதி நாட்கள் சிவப்பு. பூவின் இதழ் நேராகக் கிழக்கே, பள்ளத்தைப் பார்த்து நீண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவி உள்ளே இருமிக்கொண்டிருக்க, நான் சிவப்புக் கட்டங்களை எண்ணி மகிழ்ந்தேன். ஆனியில் மலைப்பக்கமிருந்து மேல்காற்று கிளம்பியதும் புகை எதிர்த்திசைக்குப் போய்விட்டது, காலண்டரும் பச்சையானது. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தின் புழுதியைக்கூட அந்தப் பெட்டி மஞ்சளாகக் காட்டிக்கொடுத்தது. அதன்மேல் எனக்கு அசையாத நம்பிக்கை வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், ரோஜாப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, ரெண்டு மாசச் செவப்ப வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஐப்பசி, கார்த்திகைக்கும் கொண்டாங்க. அப்பவும் இப்பிடித்தான்னா, பள்ளத்த மூடணும்னு நானே மேல எழுதுதேன்."

ஐப்பசி என்றால் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வரும் காலம். புகை முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான். இரண்டு மாதம் பல்லைக் கடித்தால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அலுவலகத்தில் அந்த நாளில் டைப்ரைட்டர், ரப்பர் ஸ்டாம்பு, பீரோ, பின்னால் வந்த கம்ப்யூட்டர் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைக்கிற பொறுப்பு என்னுடையது. முப்பது வருஷத்துக் கை சும்மா இருக்குமா? வீட்டில் அரிவாள்மனை, மிக்சி, கத்தரிக்கோல், சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறினேன். பெட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். துளைகள் இருந்த அந்த வட்டம் நெற்றி போல வாகாக இருந்தது. மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலண்டரில் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை. வாரம் முழுக்கப் பச்சை.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சந்தேகம் வரவில்லை. மனுவுக்குப் பயந்து தீ வைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்ததால் வாடையும் தெரியவில்லை. கிழக்கே தெரிந்த மங்கலை மழை மூட்டம் என்று எடுத்துக்கொண்டேன். மனைவி மட்டும் கிழக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருந்தாள்.

"பொகை வாடை அடிக்குங்க."

"பச்சையால்லா காட்டுது. உனக்கு மனசுலதான் அடிக்கு. எப்பப் பாத்தாலும் அடைச்சுப் போட்டுக்கிட்டுக் கெடந்தா இருமத்தான் செய்யும்."

அதோடு விடவில்லை. நானே எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். அவள் கட்டில் அந்த ஜன்னலோரம்தான் கிடந்தது. அவள் என்னோடு சண்டை போடவில்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாளோ, பேச மூச்சு இல்லையோ, எனக்குத் தெரியாது.

தீபாவளி அன்று தெருவே வெடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கும் தளத்தைத் திறந்தேன். பச்சை. காலையில் தூறல் போட்டதல்லவா, காற்றைக் கழுவிவிட்டிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மறுநாள் காலையில் அவளால் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு என் சட்டையைப் பிடித்து இழுத்தபடியே வந்தாள். அந்தச் சட்டையை நான் இப்போது போடுவதில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆவி மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது கடையநல்லூர்ப் பெண் போன் செய்தாள். இந்த வட்டாரத்துக் கருவிகளையெல்லாம் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறாள்.

"சார், நம்ம பக்கத்துல எல்லா மிஷினும் தீவாளிக்குச் செவப்பு. உங்க வீட்டுல மட்டும் பச்சை. தீவாளி அன்னைக்குமா சார் பச்சை? தொளையில என்னமோ அடைச்சிருக்கு, பாருங்க."

மனைவிக்கு மாற்றுச்சேலை எடுக்க வீட்டுக்கு வந்தவன் நேரே மாடியேறினேன். சந்தனம் காய்ந்து சுவர்ப்பூச்சு போல இறுகியிருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. ஊக்கை எடுத்து ஒவ்வொரு துளையாகச் சுரண்டினேன். போனில் பச்சை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கொஞ்ச நேரத்தில் சிவப்பாகியது. பள்ளத்திலிருந்து புகை நூல் நூலாக எழும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தவேயில்லை அவர்கள். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் நாலு நாளில் வீட்டுக்கு வந்தாள். கார்த்திகை முடிந்ததும் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "கார்த்திகை இருக்கு, ஐப்பசியில பாதிக்கு மேல இல்லையே அண்ணாச்சி. இத வச்சு நான் எழுதுனா மேல கேள்வி கேப்பாங்க. அடுத்த வருசம் பாப்போம்." அவர் மேல் கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. அவர் கேட்டதை நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் தளத்தில் எங்கள் கணக்கைத் திறந்து, பச்சையாக நின்ற அத்தனை நாட்களையும் செல்லாத நாட்கள் என்று சாம்பல் நிறமாக்கினாள். அதற்குக் காரணத்தை நான்தான் பதிய வேண்டுமாம். ஒரு காலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். காரணங்களின் பட்டியல் விரிந்தது: மின்தடை, இணையத் தடை, கருவிப் பழுது, மற்றவை. நான் மற்றவையைத் தட்டி, கீழே இருந்த கட்டத்தில் எழுதினேன்: பூஜைச் சந்தனத்தால் துளை அடைப்பு.

மனைவி தலையணையில் சாய்ந்தபடி வரிசையாகக் கிடந்த சாம்பல் கட்டங்களைப் பார்த்தாள்.

"இந்த நாளெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிட்டா?"

"மிஷின் சரியில்லைல்லா. அதான் எடுத்துட்டாவ."

"அத்தன நாளும் நான் இருமிக்கிட்டுத்தான கெடந்தேன். அத எங்கன எழுதுவிய?"

அந்தப் பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. எழுந்து போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்தினேன். இன்றைக்கு என்ன நிறம் என்று பார்க்கவில்லை.