மழைக் கைத்தட்டல்

திருவள்ளூரில் ஆசிரியர்களுக்கு மனநல ஆலோசனைப் பயிற்சி. பயிற்சியாளர் டக்-இன் செய்த சட்டையும் காலர் மைக்குமாக நின்றார். யார் வாய் திறந்தாலும் ‘மழைக் கைத்தட்டல்’ கொடுக்கச் சொல்வார். உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டித் தூறத் தொடங்கி, ஐந்து விரலில் கொட்ட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி டீச்சர் ஒருவர் எழுந்தார். “சார், என் கிளாஸ்ல ஒம்பதாவது படிக்கிற பொண்ணு. ஞாயித்துக்கெழம கல்யாணம்ன்றாங்க. அழுதுக்கினே இருக்கு. நான் இன்னா சார் பண்றது?”

“அருமையான பகிர்வு. டீச்சருக்கு ஒரு மழை.”

கொட்டினோம். டீச்சர் உட்காரவில்லை. “பதில் சொல்லுங்க சார்.”

“குழந்தைத் திருமணம் திங்கட்கிழமை செஷன்ல வருது மேடம்.”

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த மனிதருக்குக் கேள்வி காதில் விழுந்ததா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு நன்றாகவே விழுந்தது. ஆனால் மதியம் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள்.