தாயில்பட்டிக்கு வந்த கம்பளித் தொப்பிகள்

முட்டாள் என்று என்னை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் பொழுது போய்விடும். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, தாயில்பட்டியில் குளிர் தாங்கவில்லை என்று ஒரு வெள்ளைக்கார அம்மாவை நம்பவைத்தவன் நான். அதுவும் இலக்கணச் சுத்தமான இங்கிலீஷில்.

கரண்டு கட் ஊரை ஆட்டிவைத்த வருடங்கள் அவை. எங்கள் மாதா கோயில் காம்பவுண்டுக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அயர்லாந்தில் ஏதோ ஒரு சிற்றூரின் சர்ச் மக்கள் காணிக்கை சேர்த்து அதை நடத்தினார்கள். வருகிறவர்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் குடும்பங்கள். இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டு, வாசலில் மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊசிக்குக் கை நீட்டுவார்கள். நான் இங்கிலீஷ் வாத்தியார் என்பதால் அந்தக் காணிக்கையைக் கவனிக்கும் அயர்லாந்து அம்மாவோடு போனில் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தலையை நீட்டியதும் நான்தான்.

ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு ஒரே கவலை, ஃபிரிட்ஜ். கரண்டு போனால் பிள்ளைகளுக்கான தடுப்பூசி மருந்து கெட்டுவிடும். அப்புறம் கைப்பிள்ளையோடு சிவகாசிக்குப் பஸ் ஏற வேண்டும். தாய்க்காரிக்கு அன்றைய வேலை போச்சு. அதனால் கரண்டு போனதும் நர்சம்மா மருந்தைத் தூக்கிக்கொண்டு, குச்சி ஐஸ்காரரின் பெட்டியில் இடம் கேட்டு ஓடுவார். ஐஸ்காரர் அடுத்த தெருவில் மணி அடித்துக்கொண்டிருப்பார்.

“சார், அந்தம்மா பேசுனா இன்வெர்ட்டர் கேளுங்க. மறந்துராதீக.”

“கேக்குற விதமா கேப்பேன், பாருங்க நர்சம்மா.”

அந்த நேரம் பார்த்து அயர்லாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கைக்குழந்தைகளுக்கென்று அந்த ஊர்ப் பெண்கள் பின்னிய கம்பளித் தொப்பிகள். போட்டோ வேண்டுமாம். ஒரு பிள்ளைக்கு மாட்டப் போனேன். தாய்க்காரி மறித்தாள்.

“ஏன் சார், பிள்ளைய அவிக்கவா போறீக?”

“ஒரே ஒரு போட்டோ தாயி.”

“அப்ப நீங்களும் ஒண்ணு மாட்டிக்கிட்டு நில்லுங்க.”

மாட்டிக்கொண்டேன். என் வழுக்கையில் அது தேங்காய்மேல் கவிழ்த்த சிரட்டை மாதிரி உட்கார்ந்தது. அழுத பிள்ளை சிரித்துவிட்டது. போட்டோ நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன். தொப்பி பயன்படுகிறதா என்று அந்தம்மா ஆசையாகக் கேட்டார். கொடுத்தவர் மனம் நோகலாமா? விருந்தாளி வாங்கிவந்த பழம் புளித்தாலும் தேன் என்று சொல்லி விழுங்குகிற ஊரல்லவா நம்முடையது? “இந்தத் தொப்பிகள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்களோ!” என்று ஆரம்பித்தேன். வாய் நிற்கவில்லை. வாடைக்காற்று வந்தது, நடுங்கும் பிஞ்சு விரல்கள் வந்தன. பேச்சு இன்வெர்ட்டருக்கு வருவதற்குள் அந்தம்மா அழுது, மூக்கைச் சிந்தி, போனை வைத்துவிட்டார்.

அடுத்து வந்தவை கம்பளிப் போர்வைகள். மூட்டை மூட்டையாக.

நர்சம்மா மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்வெர்ட்டர் எங்கன சார்?”

“அடியில கிடக்கும், பிரிச்சுப் பாருங்க.”

சந்தோஷப்பட்டவர் ஐஸ்காரர் ஒருவர்தான். ரெண்டு போர்வையை வாங்கிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். ஐஸ் சாயங்காலம்வரை உருகவில்லை. “இன்னும் ரெண்டு வரச் சொல்லுங்க சார்” என்றார்.

ரோஷத்தில், ஆஸ்பத்திரிக்கு மட்டும் கரண்டை நிறுத்தாதீர்கள் என்று பக்கம் பக்கமாக மனு எழுதிக்கொண்டு சூலக்கரைக்குப் போனேன். கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கியவர் அதை வைத்தே விசிறிக்கொண்டார். அங்கேயும் கரண்டு இல்லை.

திரும்பி வந்தால் நர்சம்மா முகத்தில் மத்தாப்பு. “நீங்க அங்கிட்டுப் போகவும் அந்தம்மா போன் பண்ணுச்சு சார். ஃபிரிட்ஜு கதைய நானே சொல்லிட்டேன். இன்வெர்ட்டருக்கு ஏற்பாடு பண்றாகளாம்.”

நர்சம்மாவின் இங்கிலீஷ் மருந்துச் சீட்டைத் தாண்டாது. எனக்கு வயிறு எரிந்தது.

“ஊரே குளுருல வெறைக்குதுன்னு நான் அம்புட்டுச் சொல்லி வச்சிருந்தேனே, அதை எப்படிச் சமாளிச்சீக?”

“வெயிலுன்னேன்.”