மஞ்சள் முடிச்சும் கறுப்பு ஷூவும்

சிதம்பரத்தில் மேஜரம்மா வீட்டு வாசற்படியில் எப்போதும் இரண்டு கறுப்பு ஷூ இருக்கும். குனிந்து பார்த்தால் என் மூக்குத்தி அதில் தெரியும், அவ்வளவு பளபளப்பு. முதல் நாள் மீன் கூடையை இறக்கும்போதே அதன் மேல் சங்கரா மீன் தண்ணீர் சொட்டிவிட்டது. திட்டு விழப்போகிறது என்று முந்தானையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவரோ படியில் உட்கார்ந்து, பழைய துணியால் துடைத்து, பாலிஷ் போட்டு, தள்ளி வைத்துவிட்டு, "வவ்வால் மீன் இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு வவ்வால் இல்லை. கடல் என்ன என் சொல்லைக் கேட்டா கொடுக்கிறது? சரி, அதை விடுங்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம், பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான் கடலூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. துறைமுகத்தில் மீன் எடுத்து ரயிலில் சிதம்பரம் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவேன். பஸ்ஸில் எங்களை ஏற்றமாட்டார்கள், நாற்றமாம். குழம்பில் போட்டால் மட்டும் மணக்கும்.

மேஜரம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸுக்கும் தோளில் நட்சத்திரம் உண்டு, சிப்பாய்கள் சல்யூட் அடிப்பார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. "பொய் சொல்லாதீங்க மேஜரம்மா, ஊசி போடுற பொம்பளைக்கா சல்யூட்டு?" என்றேன். "ஊசி கையில இருக்குது இல்ல, அந்தப் பயத்துலதான்" என்றார், சிரிக்காமல். வேலை விட்ட பிறகும் எதற்கு இந்தப் பாலிஷ் என்று ஒருநாள் கேட்டேன். "அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல கெடக்குற புள்ளய தரையிலதான் வெப்பாங்க. அவன் கண்ணுக்கு மொதல்ல நம்ம மூஞ்சி தெரியாது, காலுதான் தெரியும். அது நடுங்காம நின்னா அவனுக்குப் பாதி உசுரு திரும்பிடும்" என்றார். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் மகள் பத்தாவது படித்த வருஷம், லீவு நாளில் கூடை தூக்க என்னோடு வந்தாள். மேஜரம்மா அவளை நிறுத்தி இங்கிலீஷ் பேப்பரைப் படிக்கச் சொன்னார். படித்தாள். "இந்தப் பொண்ண எங்கிட்ட வுடு. மேல படிக்க வெச்சி பட்டாளத்து நர்ஸு ஆக்குறேன்" என்றார். நான் சிரித்தேன். சும்மா இல்லை, தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "பொம்பளப் புள்ளய துப்பாக்கிக்காரங்க நடுவுல அனுப்புவாங்களா?" என்றேன். அடுத்த தை மாசம் அவளைப் பிச்சாவரம் பக்கத்தில் கட்டிக்கொடுத்தேன். நல்ல மாப்பிள்ளைதான், குறையே இல்லை. இதைச் சொல்லும்போது அவள் எழுதுவதை நிறுத்தி மூக்கைச் சிந்துகிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

இப்போது என் மகனுடைய மகளுக்கு அதே பட்டாளத்து நர்ஸ் ஆசை வந்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேஜரம்மா செத்தே பல வருஷம் ஆகிறது, அந்த வீடு இப்போது செல்போன் கடை. பேத்தி தானாகவே செல்லில் தேடி, பரீட்சை எழுதி, தினமும் விடிந்ததும் கடற்கரை மணலில் ஓடுகிறாள். வலை காயப் போடுகிறவர்கள் எல்லாம், "எந்தப் போலீஸு தொரத்துது?" என்று கேலி செய்கிறார்கள். டெல்லிக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, நாலு வருஷம் அவர்கள் காலேஜிலேயே தங்கிப் படிக்க வேண்டும், பிறகு வேலை.

இங்கேதான் நான் செய்த இன்னொரு காரியம் குறுக்கே வந்து நின்றது. பேத்தி பெரியவளானபோது, சடங்குக் கூட்டத்தின் நடுவில், ஒரு மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்து என் மகள் கையில் கொடுத்து, "இவ ஒன் மவனுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் அந்த முடிச்சு பையன் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடக்கும். கல்யாணத்தன்று எடுத்து அரைத்துப் பெண்ணுக்குப் பூசுவார்கள். வாக்கைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால், கொடுத்த ஆளே வெற்றிலைத் தட்டோடு போய், அந்த வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும். அப்படி யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மகன் ஒரே பிடியாக நின்றான். "பேசி வெச்ச பொண்ண டெல்லிக்கு அனுப்பிட்டு அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" என்றான். நானும் முதலில் அவன் பக்கம்தான். "எல்லையில குண்டு போடுற எடத்துக்கெல்லாம் அனுப்புவாங்களாமேடி" என்றேன். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆயா, அப்பா தெனமும் கடலுக்குப் போறாரே, எங்க அனுப்புறோம்னு ஒரு நாளாவது கேட்டியா?" என்றாள். என் வாயை அடைத்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தர் மேஜரம்மா.

மறுநாளே வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு பிச்சாவரம் கிளம்பிவிட்டேன். மகள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கையில் இருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீரே இல்லை.

"நர்ஸு வேலைக்கா?" என்றாள்.

"ஆமா."

"அன்னிக்கு மேஜரம்மா வாசல்ல நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்குதும்மா."

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சொன்னதில்லை. நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. "தப்புதான். ஒனக்கு ஒரு தப்பு, அவளுக்கு ஒரு தப்பு. ஒன்னுத மாத்த முடியாது. அவளுத மாத்தாம இந்த எடத்த வுட்டுப் போவமாட்டேன். நீ வெளக்குமாத்த எடுத்தாலும் சரி" என்றேன்.

உள்ளிருந்து பேரன் எட்டிப் பார்த்தான். சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். "குடுத்துடும்மா. சின்னதுலேருந்தே அவ என்னப் புடிச்சி வெச்சி ஊசி போட்டுத்தான் வெளயாடுவா. பட்டாளத்துக்காரனுங்களாவது தாங்குவானுங்க" என்றான். மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போனாள். அரிசிப் பானையில் கைவிட்டுத் துழாவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. என் கை மரத்துப்போனது. திரும்பி வந்தபோது அவள் கையில் முடிச்சு இருந்தது, அதில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. "தம்பிகிட்ட சொல்லு, அக்காவுக்குக் கோவம் இல்லன்னு. உம்மேல இருக்குது, அது வேற" என்றாள். பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மகன் முடிச்சைப் பார்த்தான். உடனே டெல்லிக்கு டிக்கெட் எடுக்கப் போனான்.

போன வாரம் கடலூர் ஸ்டேஷனில் பேத்தியை வண்டி ஏற்ற எல்லோரும் போயிருந்தோம். எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லை. கூடைக்காரி, பிளாட்பாரத் தரையில்தான் உட்காருவேன். மகள் பிச்சாவரத்திலிருந்து ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். அத்தை சீர் என்று சொல்லித் தன் அண்ணன்... இல்லை, தம்பி மகள் கையில் கொடுத்தாள். எழுதுகிறவளே திருத்துகிறாள், பாருங்கள். அங்கேயே பழைய செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள் பேத்தி.

இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ, இன்னும் தெரியாது. இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷமும் எழுதுவாளாம். வண்டி வருகிற சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தேன். கூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை. தரையிலிருந்து பார்த்த எனக்கு முதலில் தெரிந்தது இரண்டு கறுப்பு ஷூதான். வண்டி வந்து பிளாட்பாரமே அதிர்ந்தது. அந்த ஷூ நடுங்கவில்லை.