ஏழு யானைகளை எண்ணியது யார்?

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்தில், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு எதிரே நடந்தது இது. நான் திருப்போரூர் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை அந்த வருடம் என் ஒன்பதாம் வகுப்பு வாங்கிக்கொண்டிருந்தது.

காரணமும் நான்தான். ஜூன் மாதம் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த வேகத்தில், இனிமேல் வரலாற்றை மனப்பாடம் செய்ய விடமாட்டேன் என்று கிளம்பினேன். எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் சொன்னது? எப்போது சொன்னது? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? கரும்பலகை மூலையில் இதை எழுதிப்போட்டு, தினமும் பாடம் தொடங்கும் முன் வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொல்ல வைத்தேன். மனப்பாடத்தை ஒழிக்கப் புறப்பட்டவள் செய்த முதல் காரியம், கேள்விகளையே மனப்பாடம் செய்ய வைத்ததுதான். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சொன்ன அறிவியல் ஆசிரியரிடம் யார் சார் பார்த்தது என்றார்கள். நாளை அரை நாள்தான் பள்ளி என்ற தலைமை ஆசிரியரிடம் சான்று கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கிழித்தார். ஒரு பையனின் அம்மா வேலைக்குப் போகிற வழியில் பள்ளி வாசலில் என்னை மடக்கினார். "குழம்புல உப்பு போட்டேன்னு சொன்னா, அதுக்கு சான்று இன்னான்னு கேக்கறான் டீச்சர். பேஜாரா கீது. நீங்களே வந்து இவனுக்கு ஆக்கிப் போடுங்க" என்றார். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

கேள்வியே கேட்காதவள் என்று வகுப்பில் ஒரே ஒருத்தி இருந்தாள். எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். நீ எப்போதுதான் வாயைத் திறக்கப் போகிறாய் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது அலுத்துக்கொள்வேன். களப்பயணம் அறிவித்த அன்றைக்கு, வயிறு வலிக்கிறது, வரவில்லை என்று வந்து நின்றாள். இன்னும் நான்கு நாள் கழித்து வரப்போகிற வலி இன்றைக்கே எப்படித் தெரியும் என்று மடக்கி, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளை அரசுப் பேருந்தில் ஏற்றி இறக்குவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்கு வாந்தி. ஒருவனின் செருப்பு பஸ்ஸோடு போய்விட்டது. பாறையருகே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று, நல்ல வெயில். அங்கே ஒரு கைடு, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பாறையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. வெள்ளைக்கார கவர்னர் ஒருவர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் இந்தப் பாறை அசையவில்லை என்று அவர் கையை விரித்துச் சொல்ல, குடும்பமே வாய் பிளந்து கேட்டது. என் பிள்ளைகளும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

வகுப்புத் தலைவன் கையைத் தூக்கினான். "அண்ணா, ஏழு யானைன்னு யாருண்ணா எண்ணினது?"

கோயம்புத்தூர்க்காரர்கள் சிரித்தார்கள். கைடும் சிரித்துச் சமாளித்தார். அவ்வளவுதான், நாற்பது தொண்டைகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. யார் சொன்னது, எப்போது சொன்னது, சொல்வதால் உங்களுக்கு என்ன லாபம்! காலை வகுப்பில் சொல்கிற அதே ராகம். நான் தடுத்தேனா? இல்லை. போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இத்தனை நேரம் சொன்னதெல்லாம் கட்டுக்கதைதானுங்களா?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார். கைடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் நடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அது கூடப் பெரிதாகப் படவில்லை. விமர்சனச் சிந்தனை களத்தில் என்று தலைப்புப் போட்டு, நின்ற இடத்திலேயே ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வீடியோவை அனுப்பினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது கைடு என் பிள்ளைகளைத் தாண்டி, வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இன்னாம்மா சும்மா நிக்கற? நீயும் கேளு" என்றார்.

வாயே திறக்காத என் மாணவி நின்றிருந்தாள். "அப்பா" என்றாள்.

எனக்கு வந்த முதல் கோபம் அவள்மேல்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பதிவேட்டில் தந்தை தொழில் கூலி என்றுதான் இருந்தது. அதை நம்பியிருந்தேன். அவர் கூலி வேலையை விட்டு, இங்கிலீஷ் கற்று, தேர்வு எழுதி அந்த அட்டையை வாங்கிப் பல வருடம் ஆகிறதாம். உங்கப்பா இங்கே வேலை செய்கிறார் என்று ஏன் சொல்லவில்லை என்று அவளைத் தனியே இழுத்துக் கேட்டேன். "நீங்க கேக்கல மிஸ்" என்றாள்.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் விடுவதாக இல்லை. "ஏழு யானை கதைன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? முடிக்காம வுட்ட ரதத்துல உளி எங்க நின்னுச்சுன்னு காட்டறேன். எந்த ராஜா காலத்து வேலைன்னு படிச்சவங்களே சண்டை போட்டுகினு கீறாங்க, அதையும் சொல்றேன். வெயில்ல புள்ளைங்கள இட்டுகினு வர்றவங்க யானை கதைக்குத்தான் நிக்கறாங்க. நின்னாத்தான் மீதிய சொல்ல முடியும்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "பசங்க கேட்டதுல தப்பில்ல. நீங்க அத வீடியோ புடிச்சிகினு நின்னீங்க பாரு, அதான்."

என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவில் பாராட்டுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

வீடியோவை உடனே அழித்தேன். அழித்து என்ன பயன்? அதற்குள் நாலைந்து குழுக்களுக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை அது கைடுகள் கூடும் இடம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கூட இருப்பவர்களே அவரை என்ன லாபம் என்று பெயர் வைத்துக் கூப்பிட, மனிதர் ஒரு மாதம் அந்தப் பாறைப் பக்கமே போகவில்லையாம். அவள் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. இனி வரவே மாட்டாளோ என்று எனக்கு இரவில் தூக்கம் போனது. தலைமை ஆசிரியரோ வீடியோ நன்றாக இருந்தது, அடுத்த கூட்டத்தில் காட்டலாம் என்கிறார்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான்காம் நாள் வந்தாள். அடுத்த வாரம், ஏதாவது ஒரு ஆதாரத்தை எடுத்துக்கொண்டு மதிப்பிட்டு எழுதுங்கள் என்று வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். மற்றவர்கள் கல்வெட்டு, நாணயம், பாடப்புத்தகப் படம் என்று எழுதியிருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்டது அந்த வீடியோவை.

யார் சொன்னது என்பதற்கு, எங்கள் டீச்சர் எடுத்தது என்று எழுதியிருந்தாள். எப்போது என்பதற்குத் தேதியும் நேரமும். லாபம் என்ற இடத்தில், எங்கள் டீச்சருக்கு நல்ல பெயர் என்று ஒரே வரி. அதோடு முடிக்கவில்லை. நான் சொல்லித் தராத ஒரு கேள்வியை அவளே கீழே எழுதியிருந்தாள். இதில் இல்லாதது என்ன? அதற்குப் பதிலாக ஒரு பக்கம். அன்று காலை கடற்கரைக் கோயிலில் தொடங்கி, அந்தப் பாறைக்கு வரும்வரை அப்பா அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன சொல்லியிருப்பார் என்று வரிசையாக எழுதியிருந்தாள். வீட்டில் தினமும் அவர் உரக்கச் சொல்லிப் பழகுவதைக் கேட்டே வளர்ந்தவள் அவள். வீடியோ நாற்பது நொடி, அப்பா பேசியது ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று முடித்திருந்தாள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு அழுதேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டு, இதை அப்பாவிடம் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் மிஸ் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். என் வகுப்பில் கோரஸ் இல்லை, கேள்விகள் மட்டும் நான்காகிவிட்டன. அந்த நாற்பது நொடி வீடியோ இன்றைக்கும் ஏதாவது ஒரு குழுவில் திரும்பத் தலைகாட்டும்போது, அதற்குப் பதிலாக அவள் எழுதிய பக்கத்தைப் போட எனக்கு அனுமதியும் இல்லை, அதைக் கேட்கும் தகுதியும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.