எங்கள் இருவருக்கும் நடுவே

எனக்கு மட்டும் நடந்திருந்தால் பிரமை என்று நானே ஒதுக்கியிருப்பேன். என் மனைவிக்கும் நடந்தது. ஒரே வண்டியில், ஒரே நேரத்தில். அதனால்தான் துணிந்து சொல்கிறேன்.

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் என்றால் எனக்குப் பைத்தியம். இந்த வண்டியை ஓய்வுபெற்ற ஒரு லேத் பட்டறைக்காரரிடம் வாங்கினேன். அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் ஏழெட்டு வருஷமாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. இன்ஜின் இறுகிப்போய் கிக்கர் அசையவில்லை. சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊறவைத்து, பிஸ்டனை மெல்லத் தட்டி எடுத்து, புது ரிங் போட்டு, சைலன்சருக்குள் படிந்த கரியை நெருப்பில் சுட்டு உதிர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின.

"என் மூஞ்சியக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்ல நீங்க" என்பாள் மனைவி.

தனியாக ஓட்டியபோது வண்டி பறந்தது. நிறுத்தினால்தான் தொல்லை. ஐடிலிங், அதாவது நின்றபடி ஓடும் இன்ஜினின் வேகம், ஒரு நிலையில் நிற்காது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்... கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே கதைதான். சிக்னலில் நிற்கும்போது, யாருக்காகவோ காத்திருந்து பொறுமை இழந்த ஆள் மாதிரித் துடிக்கும். என்னையும் சும்மா இருக்க விடாது.

அன்று சாயங்காலம் மனைவியை அவள் அக்கா வீட்டிலிருந்து அழைத்து வரப் போனேன். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் முறை. கிளம்பும்போது மணி ஆறே முக்கால். இருட்டத் தொடங்கியிருந்தது.

மில் ரோட்டில் திரும்பியதும் முதுகில் அழுத்தம். டேங்க் மேலேயே ஏறிவிடுவேன் போலிருந்தது.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காரேன்" என்றேன்.

"நான் கேரியர்ல முட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்கதான் முன்னால போகணும்."

"இதுக்கு மேல எங்க போறது?"



டப்... டப்... டப்... இன்ஜின் விட்டுவிட்டு அடித்தது. என் முதுகு மட்டும் சில்லிட்டது. அது காற்றின் குளிர் இல்லை. ஈரத் துணியை ஒட்டி வைத்தாற்போல் ஒரு குளிர்.

"பைய நடுவுல வச்சிருக்கியா?"

"பை என் தோள்ல இருக்கு." அவள் குரல் மாறியிருந்தது. "ஏங்க... வண்டிய நிறுத்துங்க."

"ஏன்?"

"என் தாடையில முடி படுது."

"உன் முடிதான் காத்துல பறக்குது."

"நான் கொண்டை போட்டிருக்கேன்."

எதிரே பெட்ரோல் பங்க் வெளிச்சம் தெரிந்தது. நேராக உள்ளே விட்டேன். இரண்டு பேரும் குதித்து இறங்கினோம்.

சீட் காலி. வெறும் கறுப்பு ரெக்ஸின்.

 பெட்ரோல் போட வந்தவன்போல சைடு ஸ்டாண்டைப் போட்டு, டேங்க் மூடியைத் திறந்தேன். பங்க்கில் வேலை செய்யும் பெண், பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கப்பில் அளந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பாவையும் எறக்கிடுங்க சார். பெட்ரோல் போடும்போது வண்டியில உக்காரக் கூடாது."

நாங்கள் அசையவில்லை.

அந்தப் பெண்ணே சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"எறங்கும்மா. ரெண்டு நிமிஷம்தான்."

கீச்...

பின் சக்கரத்து ஷாக் அப்சார்பர் மெல்ல எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே... அப்படி.

என் மனைவி வலது கையை வெடுக்கென்று உதறினாள்.

"விரலைப் பிடிக்குதுங்க..."

ஓடினோம்.

வண்டி அங்கேயே நின்றது. சாவியும் அதிலேயே. வந்த பஸ்ஸில் ஏறி, நடுவில் ஒரு விரல்கூட நுழையாதபடி ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். வீடு வரும்வரை அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த வண்டி வீட்டு வாசலுக்கு வந்துச்சுன்னா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

மறுநாள் காலை லேத்காரருக்குப் போன் செய்தேன். நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான் எடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"உங்க குழந்தையா அது?" என்றேன்.

"எங்களுக்குக் குழந்தையே பொறக்கல தம்பி. அந்த வண்டியில யாரும் அடிபட்டதும் கிடையாது. ஷோரூம்லேர்ந்து புதுசா எடுத்ததே நான்தான்."

"அப்ப அது யாரு?"

"தெரியல. ஜோடியா போனா மட்டும் வரும். அதான் ஓரங்கட்டிட்டேன். இவ்வளவு வருஷத்துல போயிருக்கும்னு நெனச்சேன்..."

பிறகு அவரே கேட்டார்.

"தம்பி... இப்ப எவ்வளவு உயரம் இருக்கும்?"

"உக்காந்தா என் வீட்டுக்காரி தாடை வரைக்கும்."



"எங்ககிட்ட இருந்தப்ப அது கைக்குழந்தை. என் சம்சாரம் மடியிலதான் கெடக்கும்."