மார்ச் மாத நோன்பு

துபாய் தேராவில் ஏசி கம்பெனி கொடுத்த அறையில் நாங்கள் மூன்று பேர். நான், தூத்துக்குடி அண்ணாச்சி, ஒரு ஈரான்காரர். அவர் இந்தியில்தான் பேசுவார். குடிக்க மாட்டார், யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டார். இப்படி ஒரு ஆள் அறையில் இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

மார்ச் பிறந்ததும் அது முற்றிவிட்டது. விடியும் முன்பே எழுந்து சாப்பிட்டார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்தார். ரம்ஜானுக்கோ இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அண்ணாச்சி என் காதைக் கடித்தார். "ஏலே, போன ரம்ஜான்ல இவன் கதவைச் சாத்திட்டு மத்தியானச் சோறு தின்னான். இப்ப பட்டினி கெடக்கான். ஏதோ ரகசியக் கூட்டத்து ஆளுடே."

மறுநாள் மொட்டை மாடியில் கம்ப்ரசர் மாற்றும்போது, "பாய், உங்க காலண்டரைத் தலைகீழா மாட்டிட்டீங்களா?" என்று சீண்டினேன். சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் பஹாய், ஈரான் அரசு ஒப்புக்கொள்ளாத ஒரு தனி மதம். அவர்களுக்கு நோன்பு மார்ச்சில்தான். ஊரில் அப்பாவின் கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள். அக்கா ஜெயிலில். பஹாய்ப் பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்க மாட்டார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியதுதான் அக்கா செய்த குற்றம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாடம் கேட்காததற்கு அடி வாங்கி, பத்தாம் வகுப்போடு ஓடியவன் நான். பாடம் நடத்தினால் ஜெயிலா? எதையோ மறைக்கிறார் என்றே நினைத்தேன். "உங்க அக்கா மதத்தை விட்டுட்டேன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளிய வர வேண்டியதுதானே?" என்று மடக்கினேன்.

"சொன்னா விட்டுருவாங்க. ஆனா அது பொய். கேட்டா நானும் உண்மையைத்தான் சொல்லுவேன்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த மாதம் அவருடைய விசா முடிகிறது. கம்பெனி புதுப்பிக்காவிட்டால் ஈரானுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாரமே சூப்பர்வைசர் அறைக்கு வந்து நின்றார். நாகர்கோவில்காரர். நேராக அடுப்படிக்கு வந்தார்.

"அந்த ஈரான்காரன் பகல்ல ஏன்டே திங்க மாட்டேங்கான்? ஏதாவது இயக்கமா? வம்பு புடிச்ச ஆளுக்கு நான் விசா எழுத மாட்டேன்."

அண்ணாச்சி சட்டென்று துணி மடிக்க ஆரம்பித்தார்.

"சார், இந்த வாரம் சமையல் முறை என்னோடது. வேற காரணம் வேணுமா?" என்றேன்.

அவர் கரண்டியை எடுத்து மீன் குழம்பை நக்கிப் பார்த்தார். முகம் கோணியது. ஆனாலும் போகவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவனிடமே கேட்கிறேன் என்றார்.

பொழுது சாய்ந்ததும் ஈரான்காரர் கை கழுவிக்கொண்டு வந்தார். சோறு போட்டேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டை நீட்டினார். சமையல் மோசம் என்ற என் சாக்கு அங்கேயே கிழிந்தது. சூப்பர்வைசர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: இவன் சமையல் உனக்குப் பிடிக்குமா?

பொய் சொல்லாத மனிதர் என் முகத்தைப் பார்த்தார்.

"ரொம்ப மோசம். ஆனா பசிக்குதே."

சூப்பர்வைசர் சிரித்தபடியே எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, நல்ல சமையல்காரனாகப் பார்த்து முறையை மாற்றச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் விசா வந்துவிட்டது.

பகல் பட்டினி விஷயம் அதுவரை எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியிடம் நான் எதுவும் கேட்டதில்லை. நான் பரிமாறும் நாளில் மீனில் வால் துண்டு மட்டும் அவருக்கே விழுகிறது.