மும்தாஜ் சொன்ன முடிவு

1. சென்ற மாதம் எங்கள் தொழிற்சாலையின் புதுச் சூளையை ஓட்டிக் காட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார்.
2. டீ நேரத்தில் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்.
3. எழுத்து புரியவில்லை. பின்னட்டையில் இருந்த ஜப்பானிய எழுத்தாளரின் முகமும், முன்னட்டையில் இருந்த குடையும் புரிந்தன.
4. சூளையின் வெப்பநிலையைக் கேட்க வேண்டிய நான், "கடைசியில் அவள் ரயில் ஏறுகிறாளா?" என்று கேட்டேன்.

எழுத்தாளர் காலமாகி வெகுநாளாகிறது. ஆனாலும் பொறியாளரின் அம்மா படித்தாராம், இப்போது பேத்தியும் படிக்கிறாளாம். உலகமே படிக்கிறது என்றார். எனக்கோ அந்த எழுத்தாளர் எங்கள் விருத்தாசலத்துக்காரர் மாதிரிதான். பெயரைக் கேட்டாலே ஈரக் களிமண் வாசனை வரும்.

அந்தப் புத்தகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பல வருடங்களுக்கு முன் மங்கலம்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடுத்தவள் மும்தாஜ். பீங்கான் டிப்ளமோவில் என்னோடு படித்தவள், என்னோடே வேலைக்குச் சேர்ந்தவள். தான் படித்து முடித்து எனக்குக் கொண்டுவந்த அன்று பஸ்ஸில் சாரல் அடித்துப் புத்தகம் ஊறிவிட்டது. பீங்கான் ஃபியூஸ்களைக் காயவைக்கும் அறையில்தான் எங்கள் துப்பட்டா, குடை, சாப்பாட்டுத் துணி எல்லாமே காயும். புத்தகத்தையும் வைத்தோம். மண்ணை மெதுவாகக் காயவைக்காவிட்டால் விரிசல் விடும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், புத்தகத்தை வெப்பக் காற்று வரும் வாயிலேயே வைத்தோம். பசை உருகி, கடைசித் தாள்கள் கழன்று பறந்து, தரையில் வழிந்திருந்த களிமண் கூழில் விழுந்து கூழாகின.

கதையில் ஒரு பெண். சொந்த ஊரில் குடை செய்பவள். கல்யாணம் முடிந்து, வேலையை விட்டுவிட்டுத் தூரதேசம் போக வேண்டும். பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். அதற்கு மேல் பக்கம் இல்லை.

"ஏறுனாளாடி, இல்லியா?"

"ஏறல. பொட்டிய தூக்கிக்கினு வூட்டுக்கே வந்துட்டா."

"நெசமாவா?"

"படிச்சது நானா நீயா? வேலையப் பாருடி."

அந்த வாரம்தான் ஷார்ஜாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் வேலைக்குப் போறேன்னு அத்தாகிட்ட கேட்டிருக்கேன்" என்றாள். அவள் அப்பா சரி என்பார் என்று நானும் நம்பினேன். அந்தக் குடைக்காரியே திரும்பி வந்துவிட்டாளே!

அத்தா சரி என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து, கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில், "போயிட்டு வரேன்டி. என் டேபிளுக்கு யாரையும் வுடாத" என்று சிரித்தாள். பஸ் வேப்பூர்ப் பக்கம் திரும்பும்வரை சன்னலில் அவள் கை தெரிந்தது.

பொறியாளர் என் கேள்விக்கு வியப்போடு பதில் சொன்னார்: "ஏறுகிறாள். அழுதுகொண்டே ஏறுகிறாள். அதுதானே கதை."

அப்படியானால் உலகமெங்கும், எல்லா மொழியிலும் அவள் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஏறாமல் திரும்பி வந்தது, எங்கள் காயவைக்கும் அறையில் ஒரே ஒரு மதியம்.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். மும்தாஜின் மேசையில் வேறொருவர் இருக்கிறார். கடைசித் தாள்கள் இல்லாத புத்தகம் என் இழுப்பறையில் இருக்கிறது. முழுப் புத்தகம் சென்னையில் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை.